பழுதுக் குறியெண்களின் மொழி: ஒரு திறனாய்வு

காரின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவம் கொண்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசெல்கிறீர்கள். மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு துளைகள் கொண்ட இணைப்பில் ஸ்கேனர் என்னும் கருவியைச் செருகுகிறார். திரையில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றுகின்றன; அவற்றுக்குக் கீழே ஆங்கிலத்தில் அரை வரி. அந்த அரை வரியில் எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ அந்தப் பாகம் மாற்றப்படுகிறது. பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. இரண்டு வாரம் கழித்து அதே விளக்கு மீண்டும் எரிகிறது. அதே எண் மீண்டும் வருகிறது.

குற்றம் யாருடையது? மெக்கானிக்கின் திறமைக் குறைவு என்பார் ஒருவர். கணிப்பொறி வைத்த வண்டிகளே இப்படித்தான் என்பார் இன்னொருவர். மூன்றாவதாக ஒன்றையும் விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுதான் அந்த அரை வரி. உலகெங்கும் பட்டறைகளில் நாள்தோறும் படிக்கப்படும் அந்தக் குறியெண் பட்டியல் ஒரு நூலைப் போன்றதே. அதற்கு ஆசிரியர்கள் உண்டு, நோக்கம் உண்டு, நடை உண்டு. ஆகவே மற்ற நூல்களைப் போல அதையும் மதிப்பிடலாம். அதன் நிறை குறைகளை அறிந்துகொண்டால், உங்கள் வண்டியின் எண்ணைச் சரியாகப் படிக்கவும் முடியும்.

பட்டியல் பிறந்த கதை

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் எஞ்சினை ஆளும் சிறு கணிப்பொறி இடம்பெற்றது. அதன் குறைகளை அறிய ஸ்கேனர் தேவையில்லை. ஓர் இணைப்பில் உள்ள இரு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்து, சாவியைத் திருப்பினால் போதும். முகப்பு விளக்கே கண் சிமிட்டும். ஒரு முறை சிமிட்டி, சற்று நின்று, இரு முறை சிமிட்டினால் 12 என்று பொருள். 44 என்றால் கழிவு வாயுவில் ஆக்ஸிஜன் மிகுதி. 45 என்றால் குறைவு.

இவற்றுள் 12 சுவையானது. 'டிஸ்டிரிபியூட்டரிலிருந்து துடிப்பு வரவில்லை' என்பது அதன் பொருள். எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது துடிப்பு எப்படி வரும்? வராதிருப்பதே முறை. ஆகவே நின்ற வண்டியில் 12 வந்தால் சோதனை அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும். இதை அறியாதவர் நல்ல டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றத் தொடங்குவார். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே பள்ளம் விழுந்தது அன்றே தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் இணைப்பும் தனக்கென எண்களும் வைத்திருந்தது. கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988-ஆம் ஆண்டு மாதிரி கார்களிலிருந்து, வண்டி தன் புகைத் தடுப்பு உறுப்புகளைத் தானே கண்காணிக்க வேண்டும் என்று விதித்தது. அதன் இரண்டாம் கட்டம் 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்துக்கும் கட்டாயமானது. ஒரே வடிவ இணைப்பும் ஒரே குறியெண் முறையும் அப்போதுதான் வந்தன. அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர்களின் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே-2012 என்னும் தர ஏடுதான் இங்கே நாம் திறனாயும் நூல். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இத்தகைய விதி வந்தது. இந்தியாவில் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன.

இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. இந்த முறை பிறந்தது காற்று மாசுச் சட்டத்துக்காக. மெக்கானிக்கின் வசதிக்காக அன்று. அனுமதித்த அளவைவிட, பெரும்பாலான சோதனைகளில் ஒன்றரை மடங்கு, நச்சுப் புகை மிகக்கூடும் என்ற நிலை வந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதே அமெரிக்க விதியின் சாரம். ஆகவே வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் விளக்கு எரியலாம். பிரேக் கட்டை தேய்ந்து ஆபத்தான நிலையில் இருக்கும்போது இந்த விளக்கு எரியாமலும் இருக்கலாம்.

நிறைகள்

நூலின் நிறைகளை முதலில் சொல்லிவிடுவோம். அதன் அமைப்பு அழகானது. முதல் எழுத்து வண்டியின் எந்தப் பகுதி என்பதைச் சொல்கிறது: எஞ்சினும் கியரும் ஒரு வகை, பிரேக் முதலிய அடிச்சட்ட உறுப்புகள் ஒரு வகை, உடற்கூடு ஒரு வகை, கணிப்பொறிகள் தம்முள் பேசிக்கொள்ளும் வலை ஒரு வகை. இக்கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் முதல் வகை. 'பவர்ட்ரெயின்' என்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அவற்றைப் பி-0420 என்பதுபோல் எழுதுவோம்.

முதல் இலக்கம் 0 ஆனால் அது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண்; 1 ஆனால் கம்பெனி தன் விருப்பம்போல் வகுத்த எண். அடுத்த இலக்கம் உறுப்பு வகையைக் குறிக்கும். 1-உம் 2-உம் காற்றும் எரிபொருளும், 3 பற்றவைப்பு, 4 புகைத் தடுப்புத் துணையுறுப்புகள், 5 வேகமும் வெற்றோட்டமும், 6 கணிப்பொறி, 7 முதல் கியர் அமைப்பு. கடைசி இரண்டும் குறிப்பிட்ட குறையைச் சொல்கின்றன. பி-0301 என்றதும், பற்றவைப்பு வகை, முதல் சிலிண்டர் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஜப்பானியக் காரானாலும் ஜெர்மானியக் காரானாலும் பொருள் ஒன்றே. தெருமுனைப் பட்டறைக்காரரும் கம்பெனிப் பட்டறைக்காரரும் ஒரே எண்ணைப் படிக்க முடிந்தது பெரிய நன்மை.

ஆனால் எண்ணின் அமைப்பில் இருக்கும் இந்தத் தெளிவு, எண்ணுக்குக் கீழே வரும் சொற்களில் இல்லை.

முதற் குறை: சோதனைக்குப் பதில் பாகத்தின் பெயர்

பி-0420 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 'வினையூக்கியின் செயல்திறன் வரம்புக்குக் கீழ், வரிசை 1' என்பது அதன் அரை வரி. படிப்பவர் மனத்தில் என்ன தோன்றும்? வினையூக்கி கெட்டுவிட்டது என்று தோன்றும். காரின் கழிவுக் குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசிய இந்த உறுப்பு விலை மிகுந்தது. மாற்றினால் பர்ஸ் காலி.

கணிப்பொறி உண்மையில் பார்த்தது என்ன? வினையூக்கிக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் உணர்வியும் பின்னால் ஓர் உணர்வியும் உள்ளன. பட்டறையில் சென்சார் என்பார்கள். முன் உணர்வி, வழக்கமான வகையாக இருந்தால், ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். வினையூக்கியில் உள்ள சீரியம் ஆக்ஸைடு, ஆக்ஸிஜன் மிகும்போது அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, குறையும்போது விட்டுக்கொடுக்கும். ஆகவே நல்ல வினையூக்கிக்குப் பின்னால் ஆக்ஸிஜன் அளவு நிதானமாக இருக்கும். பின் உணர்வி அதிகம் ஆடாது. பின் உணர்வியும் முன் உணர்வியைப் போலவே ஆடத் தொடங்கினால், ஆக்ஸிஜனைச் சேமிக்கும் ஆற்றல் குறைந்துவிட்டது என்று கணிப்பொறி முடிவு செய்கிறது.

இதைக் கவனியுங்கள். நச்சு வாயு எவ்வளவு மாறியது என்று கணிப்பொறி அளக்கவே இல்லை. இரண்டு உணர்விகளின் ஆட்டத்தை ஒப்பிட்டது. அந்த ஒப்பீடு தேறவில்லை. அவ்வளவே அது அறிந்தது. வினையூக்கி தேய்ந்திருக்கலாம், பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதுவே உண்மையாகவும் இருக்கும். ஆனால் கழிவுக் குழாயின் இணைப்பில் சிறு துளை விழுந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் பின் உணர்வி ஆடும். உணர்வியே மூப்படைந்திருக்கலாம். வினையூக்கி உண்மையாகவே கெட்டிருந்தாலும், அதைக் கெடுத்தது வேறொன்றாக இருக்கக்கூடும். எஞ்சின் எண்ணெய் எரிந்து வருவதைக் கவனிக்காமல் புதிய வினையூக்கி போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பி-0128 இன்னும் வெளிப்படையான எடுத்துக்காட்டு. அதன் அரை வரி 'தெர்மோஸ்டாட்' என்ற பெயரிலேயே தொடங்குகிறது. கணிப்பொறி கண்டது, எஞ்சின் ஓடத் தொடங்கி உரிய நேரம் ஆகியும் குளிர்நீர் உரிய வெப்பநிலைக்கு வரவில்லை என்பது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். ரேடியேட்டரில் நீர் குறைந்து, உணர்வி சூடான நீரைத் தொடாமலே இருக்கலாம். உணர்வியே தவறான அளவைக் காட்டலாம். நீர் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்க ஒரு பைசா செலவில்லை; எஞ்சின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அரை வரி பாகத்தின் பெயரைச் சொல்லிவிட்டதால் நீரைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நீதிமன்றத்தில் சாட்சி தான் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். இவன்தான் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறக் கூடாது. இந்தப் பட்டியல் சாட்சியின் இடத்தில் நின்றுகொண்டு தீர்ப்பின் மொழியில் பேசுகிறது. இதுவே அதன் அடிப்படைக் குறை.

இரண்டாம் குறை: இருபொருட் சொற்கள்

பி-0117: 'குளிர்நீர் வெப்ப உணர்வி, மின்சுற்று தாழ்வு'. பி-0118: அதே உணர்வி, 'மின்சுற்று உயர்வு'. தாழ்வு என்றதும் வெப்பநிலை தாழ்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? உண்மை நேர் எதிரானது.

இந்த உணர்விக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். கணிப்பொறி 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிலையான தடை வழியாக இதற்கு அனுப்பி, நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. சூடான நீரில் தடை குறைவு; வோல்ட்டும் குறைவு. குளிர்ந்த நீரில் தடை அதிகம், வோல்ட்டும் அதிகம். ஆகவே 'தாழ்வு' என்பது தாழ்ந்த மின்னழுத்தம். கணிப்பொறிக்கு அது கொதிக்கும் சூடு. 'உயர்வு' என்பது உயர்ந்த மின்னழுத்தம். கணிப்பொறிக்கு அது கடுங்குளிர்.

கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? மின்னோட்டமே இல்லாததால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். வழக்கமாக ஸ்கேனர் திரையில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சென்டிகிரேடும் பாரன்ஹீட்டும் ஒன்றாகும் புள்ளி மைனஸ் 40 என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. வேலூரில் சித்திரை வெயிலில் நிற்கும் கார் மைனஸ் 40 காட்டினால் நீங்கள் அதை நம்பமாட்டீர்கள். கம்பி அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது என்று உடனே அறிவீர்கள். ஓர் எண்ணைவிட ஓர் அளவு எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது பாருங்கள்!

இதையே எளிய சோதனையாக்கலாம். 'தாழ்வு' எண் வந்தால் உணர்வியின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். அளவு மைனஸ் 40-க்குத் தாவினால் கம்பியும் கணிப்பொறியும் நலம், குற்றம் உணர்வியில். தாவாவிட்டால் கம்பி எங்கோ தரையைத் தொடுகிறது. 'உயர்வு' எண் வந்தால், கழற்றிய இணைப்பின் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்துப் பாருங்கள். அளவு மிகுந்த சூட்டுக்கு ஏறினால் உணர்விதான் உள்ளே அறுந்திருக்கிறது. இச்சோதனை இவ்வகை இருமுனை வெப்ப உணர்விக்கு மட்டுமே உரியது. வேறு உணர்விகளின் முனைகளை இப்படிச் சேர்க்கக் கூடாது.

'வரிசை 1' என்ற சொல்லும் குழப்புவதே. வி வடிவ எஞ்சினில் சிலிண்டர்கள் இரு வரிசையாக நிற்கும். முதல் சிலிண்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுவே வரிசை 1. அது இடப்பக்கமா வலப்பக்கமா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் சாதாரணக் காரில் வரிசை 1 மட்டுமே பெரும்பாலும் உண்டு. வரிசை 2-ஐத் தேடி அலைய வேண்டாம். அதுபோல 'உணர்வி 1' என்பது வினையூக்கிக்கு முன்னது. 'உணர்வி 2' என்பது பின்னது.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது பி-0171: 'கலவை மெலிவு'. பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகுந்தால் மெலிந்த கலவை. ஆனால் உணர்வி பெட்ரோலைப் பார்ப்பதில்லை. ஆக்ஸிஜனை மட்டுமே பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே பெட்ரோலும் எரியாது, ஆக்ஸிஜனும் செலவாகாது. இரண்டும் அப்படியே வெளியேறும். உணர்விக்கு ஆக்ஸிஜன் மட்டும் தெரியும். 'மெலிவு' என்கிறது. குழாயிலோ பச்சைப் பெட்ரோல் வாடை! சொல் ஒன்று, மூக்கு அறிவது வேறொன்று. மூக்கை நம்புங்கள்.

மூன்றாம் குறை: எண்களின் உறவு சொல்லப்படவில்லை

ஒரே நேரத்தில் பி-0302, பி-0171, பி-0420 என்று மூன்று எண்கள் வருகின்றன என்று கொள்வோம். இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், கலவை மெலிவு, வினையூக்கித் திறன் குறைவு. மூன்று பழுதுகள், மூன்று செலவுகள் என்று பட்டியல் போடுவது எளிது. ஆனால் மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகளாக இருக்கலாம். இரண்டாம் சிலிண்டர் பற்றாததால் ஆக்ஸிஜன் மிச்சமானது, அதனால் 'மெலிவு'. எரியாத பெட்ரோல் வினையூக்கிக்குள் போய் எரிந்ததால் அது மிகச் சூடேறிப் பாழாகிறது. அதனால் 'திறன் குறைவு'. முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் எண் 2. விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால், வினையூக்கியைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்பதே எச்சரிக்கை; வண்டியை மேற்கொண்டு விரட்டக் கூடாது.

காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்று வருபவருக்கு மூன்று மருத்துவர் தேவையில்லை. ஆனால் பட்டியல் அறிகுறிகளை வெறுமனே அடுக்குகிறது. எது முன், எது பின், எதனால் எது என்று சொல்வதில்லை. இதைக் கணிப்பொறி எப்போதும் சொல்லவும் முடியாதுதான். ஆனால் ஒரு துணை தருகிறது. குறை பதிவான கணத்தில் எஞ்சின் வேகம், வெப்பநிலை, பளு ஆகியவை எவ்வளவு என்று ஒரு படம்போல் சேமித்துவைக்கிறது. 'உறைந்த சட்டம்' எனலாம். குளிர்ந்த எஞ்சினில் வந்த குறையா, நெடுஞ்சாலை வேகத்தில் வந்த குறையா என்பதை அது காட்டும். பலர் அதைப் பார்க்காமலே எண்ணை அழித்துவிடுகிறார்கள். அழித்தால் அந்தப் படமும் போய்விடும்.

கட்டளையிடும் ஓர் எண்

பட்டியலில் ஓர் எண் சாட்சி என்ற வேடத்தையே கலைத்துவிடுகிறது. பி-0ஏ80. நடுவில் எழுத்து வருவதைக் கண்டு திகைக்க வேண்டாம். பதினாறு அடிமான எண்முறையில் பத்துக்கு அந்த எழுத்து. இதன் அரை வரி: 'ஹைபிரிட் பேட்டரியை மாற்றுக'. குறை இன்னதென்று சொல்லாமல் கட்டளையே இடுகிறது!

டொயோட்டா பிரியஸ் காரின் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். அதன் நிக்கல் பேட்டரியில் 7.2 வோல்ட் கொண்ட 28 பெட்டிகள், மொத்தம் 201.6 வோல்ட். இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக ஒரு கணிப்பொறி கண்காணிக்கிறது. தொகுதிகளுக்கு இடையே வோல்ட் வேறுபாடு மிகும்போது இந்த எண் பதிவாகிறது. ஒரு பெட்டி நலிந்திருக்கலாம். பல பெட்டிகள் மூப்படைந்திருக்கலாம். அல்லது பெட்டிகளை இணைக்கும் செப்புப் பட்டைகளில் பாசி பிடித்திருக்கலாம். நூறு ஆம்பியர் ஓடும்போது நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை கூடினாலும் ஒரு வோல்ட் குறையும் என்று ஓம் விதி சொல்கிறது. அந்தத் தொகுதி நலிந்ததுபோல் தோற்றமளிக்கும்.

பழைய பிரியஸில் இந்த எண் வந்தால் பேட்டரி உண்மையிலேயே ஓய்ந்திருப்பதுண்டு. ஆனால் அளந்து பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவை அளக்கு முன்பே எழுதிவைப்பது அறிவியல் முறை அன்று. அந்தப் பேட்டரியைத் திறப்பது உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தொடுவதாகும் என்பதால், பயிற்சி பெறாதவர் கைவைக்கவே கூடாது. அந்த எச்சரிக்கையைத்தான் அரை வரி சொல்லியிருக்க வேண்டும்.

எண்ணை எப்படிப் படிப்பது?

குறைகளை அடுக்கிவிட்டு நிறுத்தினால் திறனாய்வுக்குப் பயனில்லை. எண் வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில.

ஒன்று: இந்த எண் பொது எண்ணா, கம்பெனி எண்ணா? பி-1259 ஹோண்டா கார்களில் வால்வு இயக்கத்தை மாற்றும் வி-டெக் அமைப்பின் குறை. ஆனால் அது கம்பெனிக்கென விட்ட எண் ஆதலால், வேறு கம்பெனி அதே எண்ணுக்கு வேறு பொருள் வைக்க உரிமை உண்டு. ஸ்கேனரில் வண்டியின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பிற கம்பெனியின் பொருளைக் காட்டிவிடும்.

இரண்டு: எண் எந்த நிலையில் இருக்கிறது? பல குறைகள் முதல் ஓட்டத்தில் 'நிலுவை' என்றே பதிவாகும். அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் உறுதியாகி விளக்கு எரியும். குறையின்றி மூன்று ஓட்டங்கள் கழிந்தால் விளக்கு அணையும். எண் இன்னும் சில காலம் நினைவில் இருக்கும். ஆகவே விளக்கு அணைந்தது பழுது தீர்ந்ததற்குச் சான்று அன்று.

மூன்று: கணிப்பொறி எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தது? இதுவே தலையாய கேள்வி. பி-0171 என்றால் அளந்தது ஆக்ஸிஜனை. கூடுதலாக எத்தனை சதவீதம் பெட்ரோல் விட நேர்ந்தது என்பதைத் திரையில் பார்க்கலாம். காற்றை நேரடியாக அளக்கும் எஞ்சின்களில், இந்தச் சதவீதம் வெற்றோட்டத்தில் மிகுந்தும் 2,500 சுற்றில் குறைந்தும் இருந்தால், அளக்கும் உணர்விக்குப் பின்னால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று கொள்ளலாம். பளு ஏற ஏற மிகுந்தால் பெட்ரோல் பம்பு, வடிகட்டி, காற்றை அளக்கும் உணர்வி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

நான்கு: காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை எது? பி-0301 வந்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள எஞ்சினில், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டுங்கள். எண் பி-0302 ஆனால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் காயில் நிரபராதி. பிளக், இஞ்செக்டர், அழுத்தம் என்று மேலே போகலாம். கடையில் புதிய பாகம் வாங்குமுன் செய்யும் பத்து நிமிட வேலை இது.

ஐந்து: எண்ணை அழிக்கும் முன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்களா? அழித்தால் கணிப்பொறி தன் சோதனைகள் அனைத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புகைச் சோதனைக்குப் போகுமுன் எண்ணை அழித்து ஏமாற்றும் பழக்கத்தைத் தடுக்கவே, அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு மாதிரிகள் தொட்டு, கருவியால் அழிக்க முடியாத நிலையான எண்கள் வந்தன.

திருத்தம் எங்கே?

பட்டியலின் ஆசிரியர்கள் தம் குறையை அறியாதவர்கள் அல்லர். பிற்காலத்தில், எண்ணுக்குப் பின்னால் குறையின் வகையைச் சொல்லும் மேலும் இரு இலக்கங்களைச் சேர்க்க வழி செய்தார்கள். 11 என்றால் கம்பி தரையைத் தொடுகிறது. 13 என்றால் கம்பி அறுந்திருக்கிறது. 'தாழ்வு', 'உயர்வு' என்ற மயக்கத்துக்கு இது நல்ல மருந்து. ஆயினும் பாகத்தின் பெயரால் அழைக்கும் வழக்கம் போகவில்லை.

இன்னொரு திருத்தம் சட்டத்தில் இருக்கிறது. ஓர் எண் எந்த நிலையில், எந்த அளவைத் தாண்டினால் பதிவாகிறது என்ற விவரம் கம்பெனியின் பழுதுநீக்கு ஏட்டில்தான் முழுமையாக இருக்கும். அது கம்பெனிப் பட்டறைக்கு மட்டும் கிடைத்தால் பொது எண்ணால் பாதிப் பயனே உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் இயற்றிய விதியில், இவ்விவரங்களை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்து இத்தகைய உரிமையைப் பெற்றனர். அரை வரி மட்டும் எல்லோருக்கும், முழு ஏடு சிலருக்கு என்ற நிலையில், தெருமுனைப் பட்டறைக்காரர் ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஊகத்தின் விலையைக் கொடுப்பவர் வண்டிக்காரர்.

மூன்றாவது திருத்தம் நம் கையில் உள்ளது. தொழிற்பயிற்சிப் பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் தமிழ்வழி படிக்கும் மாணவர்களுக்கு இந்த எண்களைத் தமிழில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஆங்கில அரை வரியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதன் குறையையும் சேர்த்துப் பெயர்த்தவர்களாவோம். பி-0420-ஐ 'வினையூக்கித் திறன் குறைவு' என்று எழுதாமல், 'முன் பின் ஆக்ஸிஜன் உணர்விகளின் ஒப்பீடு தேறவில்லை' என்று எழுதினால் என்ன? பி-0128-ஐ 'குளிர்நீர் உரிய நேரத்தில் சூடாகவில்லை' என்றும், பி-0171-ஐ 'கழிவு வாயுவில் ஆக்ஸிஜன் மிகுதி. கூட்டிய பெட்ரோல் போதவில்லை' என்றும், பி-0118-ஐ 'குளிர்நீர் உணர்வியில் மின்னழுத்தம் மிகுதி. கடுங்குளிர்போல் தோற்றம்' என்றும் எழுதலாம். சற்றே நீளம்தான். ஆனால் இவற்றைப் படிக்கும் மாணவன் கடைக்குப் போவதற்கு முன் அளவியைக் கையில் எடுப்பான்.

உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இப்படி ஒரு பட்டியலை நீங்களே தொடங்கலாம். உங்கள் பட்டறையிலோ வகுப்பிலோ அதிகம் வரும் இருபது எண்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாகத்தின் பெயரை எழுதாதீர்கள். கணிப்பொறி எதை அளந்தது, எது தேறவில்லை என்பதை எழுதுங்கள். அதற்கு அடுத்த பத்தியில், செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனையை எழுதுங்கள். ஒரு வருடத்தில் அது அச்சில் வந்துள்ள பட்டியலைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.